பழைய டிராவலர் வேன்: விலை பேசும் முன் தரையை மிதித்துப் பாருங்கள்

கும்பகோணத்தைச் சுற்றிப் பழைய டிராவலர் வேனுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. திங்களூரில் தொடங்கித் திருநள்ளாறு வரை நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் சுற்றிக் காட்ட வேண்டும். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் குடும்பங்களை அழைத்துப் போக வேண்டும். ஆவணி பிறந்தால் கல்யாண வீடுகள், கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள். புது வண்டிக்குத் தவணை கட்டி மீள முடியாது என்று கணக்குப் போட்டவர்கள் பத்து, பன்னிரண்டு வயதான வண்டியைத் தேடி வருகிறார்கள். அந்தக் கணக்கில் பிழையில்லை. வண்டியைப் பார்க்கும் வரிசையில்தான் பிழை இருக்கிறது.

எல்லோரும் முதலில் பானட்டைத் தூக்குகிறார்கள். புரோக்கருக்கு இதைவிட வசதியானது வேறில்லை. என்ஜினுக்கு ஒரு விலை உண்டு. போர் போட்டு, பிஸ்டன், ரிங் மாற்றி, ஹெட் வேலை முடித்துத் தர இவ்வளவு ஆகும் என்று எந்த மெக்கானிக்கும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். தரை அழுகிய வண்டிக்கு அப்படி எழுதித் தர ஆள் கிடையாது. தரையில் ஒட்டிய மேட்டை உரித்தால் பிளைவுட் போயிருக்கும், பிளைவுட்டை எடுத்தால் தகடு போயிருக்கும், தகட்டை வெட்டினால் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் கையோடு வந்துவிடும். நான் டிங்கர் பட்டறை வைத்திருப்பவன். என்னோடு வண்டி பார்க்க வரும் மெக்கானிக் நண்பர், "இவர் என்ஜினைத் தவிர எல்லாவற்றையும் பார்ப்பார்" என்று கேலி செய்வார். செய்யட்டும். காவிரிப் படுகையில் வேன்கள் பெரும்பாலும் தண்ணீரால்தான் சாகின்றன.

மேலே ஐப்பசி, கார்த்திகை அடைமழை. கீழே தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கத்து உப்புக் காற்று. உள்ளே, சேற்றுக் காலோடு ஏறும் நடவு ஆட்களும் மீன் கூடையிலிருந்து வடியும் உப்புப் பனிக்கட்டி நீரும். கோயில் சுற்றுலா மட்டுமே ஓடிய வண்டி என்று விற்பவர் சத்தியம் செய்வார். தரை வேறு கதை சொல்லும்.

பார்க்கப் போகும்போது ஒரு நல்ல டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், துணி சுற்றிய சிறு காந்தம், அடியில் படுக்க ஒரு பழைய சாக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். காலையிலேயே போங்கள். "என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அறிகுறி: உள்ளே ஏறியதும் ஊதுபத்தி, வாசனைத் திரவிய நெடி

கோயில் வண்டிதானே, ஊதுபத்தி மணக்காதா என்று நினைக்கத் தோன்றும். கண்ணாடிகள் எல்லாவற்றையும் ஏற்றி, கதவைச் சாத்தி, கால் மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு மறுபடி திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை நாற்றம் எழுந்தால் எங்கோ ஈரம் தங்கியிருக்கிறது. எங்கே என்று அடுத்த இரண்டு அறிகுறிகளில் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டும்: இது ஒழுகிய வண்டியா, மூழ்கிய வண்டியா?

ஓட்டுநரின் சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். மேல்பாதி ஒரு நிறமாகவும் கீழ்ப்பாதி வேறு நிறமாகவும் இருந்தால் அந்தக் கோடு வரை தண்ணீர் நின்றிருக்கிறது. சீட் நகரும் தண்டவாளத்தின் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். சாலைப் புழுதி சொரசொரப்பாக இருக்கும். வெள்ளத்தில் வந்த வண்டல் மாவாக ஒட்டும். ஹெட்லைட்டுக்குள் கிடைமட்டமாக ஒரு மங்கல் கோடு, கதவின் அடிப்பகுதியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளில் காய்ந்த சேறு, டேஷ்போர்டுக்கு அடியில் துருப்பிடித்த ஸ்க்ரூ தலைகள் என்று இவற்றில் இரண்டு சேர்ந்து கிடைத்தாலே போதும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு மலிவாகக் கைமாறித் தெற்கே வந்த வண்டிகள் உண்டு. பதிவுச் சான்றான ஆர்.சி.யில் முதல் பதிவு எந்த ஊர், எந்த ஆண்டு, எப்போது கைமாறியது என்பதை இந்தத் தடயங்களோடு சேர்த்துப் படியுங்கள்.

மூழ்கிய வண்டியை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. தரையை மாற்றலாம், வயரிங்கை மாற்றலாம். மூடிய பெட்டிச் சட்டங்களுக்குள் புகுந்த வண்டலை யாராலும் முழுதாக வெளியே எடுக்க முடியாது. அது அங்கேயே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளிருந்து தின்னும்.

அறிகுறி: நடந்தால் தரை அமுங்குகிறது

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். படிக்கட்டிலிருந்து கடைசி சீட் வரை குதிகாலை ஊன்றி நடங்கள். படிக்கட்டு ஓரம், பின்சக்கர வளைவை ஒட்டிய பகுதி, ஓட்டுநரின் கால் வைக்கும் இடம், பின்கதவின் உள்விளிம்பு ஆகிய நான்கு இடங்களில் நிதானமாக நில்லுங்கள். நல்ல தரை கெட்டியாக ஒரே ஓசை தரும். கெட்ட தரை அமுங்கும். சில நேரம் ஓசையே வராது.

புதிதாக மேட் ஒட்டியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பன்னிரண்டு வயது வண்டிக்குப் போன வாரம் மேட் மாற்றியதற்கு ஒரு காரணம் இருக்கும். ஓரத்தைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். "ஒட்டியாகிவிட்டது, எடுத்தால் பாழாகும்" என்று மறுத்தால், பாழானால் மேட்டின் விலையை நான் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் மறுப்பவரிடம் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

தூக்கிய இடத்தில் பிளைவுட்டை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். முனை எளிதில் இறங்கினால் பலகை போய்விட்டது. ஆனால் அதோடு பயந்துவிட வேண்டாம், பலகை மட்டும் போயிருந்தால் வேலை சிறியது. இப்போது சாக்கை விரித்து அடியில் படுத்து, அதே இடத்தைக் கீழிருந்து பாருங்கள். தகடு கெட்டியாக, மேல்துருவோடு மட்டும் இருந்தால் சீட்டுகளைக் கழற்றி, பலகை மாற்றி, மறுபடி பூட்டும் செலவை விலையில் குறைத்துக்கொள்ளுங்கள். தகட்டில் ஓட்டை விழுந்து, ஆனால் குறுக்குச் சட்டங்கள் தட்டினால் கணீரென்று ஒலித்தால், வெட்டி ஒட்டும் வேலை. அது பெரியது, ஆனாலும் முடியும். குறுக்குச் சட்டமே அடுக்கடுக்காக உரிந்து, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டும்போது துருச் செதில் முகத்தில் கொட்டினால், எழுந்து கையைத் தட்டிவிட்டு வந்துவிடுங்கள். கரூருக்குக் கொண்டுபோய் முழு பாடியையும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாமே என்று கூட வந்தவர் யாராவது சொல்வார். கட்டலாம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அவரே அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்.

தரையோடு சேர்த்துச் சீட்டுகளையும் சோதியுங்கள். ஒவ்வொரு சீட்டின் முதுகையும் இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் பலமாக உலுக்குங்கள். சீட் ஆடினால் சாய்வு பொறியில் தேய்மானமாக இருக்கலாம். சீட்டின் காலோடு சேர்ந்து தரையும் அசைந்தால் போல்ட் பிடித்திருக்கும் தகடு போயிருக்கிறது. அவசர பிரேக் போடும் கணத்தில் அந்தச் சீட் அதில் இருப்பவரோடு முன்னே வரும். இதை மட்டும் விலை குறைப்புக்கான விஷயமாக நினைக்காதீர்கள். சரிசெய்யாமல் ஒரு பயணிகூட ஏறக் கூடாது.

அறிகுறி: கூரையின் உள்பக்கம் பழுப்புக் கறை, அல்லது கூரைத் துணி மட்டும் புத்தம்புதிது

ஒழுகும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருக்காது. கூரையில் புகுந்த தண்ணீர் உள்வரிச் சட்டம் வழியாக ஓடி, வளைவில் இறங்கி, இரண்டு சீட் தள்ளிச் சொட்டும். அதனால் கறையைப் பார்த்துவிட்டு அதற்கு நேர்மேலே பூசுவது வீண்வேலை.

வேனில் கூரை ஒழுக முதல் காரணம் லக்கேஜ் கேரியர். சுற்றுலாவுக்கு ஓட்டியவர்கள் கூரையைத் துளைத்து கேரியரைப் பூட்டியிருப்பார்கள். ஒவ்வொரு காலும் ஒரு ஓட்டை. அரிசி மூட்டையும் சமையல் பாத்திரமும் ஏற்றி ஆட ஆட, அந்த ஓட்டை விரிந்துகொண்டே போகும். இரண்டாவது காரணம், கூரையில் வெட்டி வைத்த காற்றுத் திறப்பும் ஏ.சி. பெட்டியும். மூன்றாவது, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங். வெயிலில் காய்ந்து வெடித்த பீடிங்கை நகத்தால் அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பாது.

விற்பவர் காசு செலவழிக்க வேண்டாம், நீங்களே பணம் கட்டி வாட்டர் சர்வீஸுக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். வெளியே தண்ணீர் பீய்ச்சும்போது நீங்கள் உள்ளே உட்கார்ந்திருங்கள். கூட வந்த இன்னொருவர் பின்சீட்டில் இருக்கட்டும். அழுத்தமாக அடிக்கும் நீர் சில நேரம் நல்ல பீடிங்கையும் தாண்டி உள்ளே வரும். அதனால் கடைசி பத்து நிமிடம் குழாயைக் கூரைமீது சாய்த்து மழைபோல வழிய விடச் சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் வரும் சொட்டுதான் உண்மையான ஒழுகல்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, வண்டிகள் சும்மா நிற்கும், விலை இறங்கும். வாங்க நல்ல காலம்தான். ஆனால் அந்த மாதக் காற்றில் எல்லாம் காய்ந்து கிடப்பதால் ஒழுகல் தெரியாது. ஆடியில் வாங்குபவருக்கு வாட்டர் சர்வீஸ் சோதனை கட்டாயம். ஐப்பசியில் பார்க்கப் போகிறவர் மழைநாளாகத் தேர்ந்தெடுத்துப் போனாலே போதும்.

சொட்டு ஏ.சி. ஓடும்போது மட்டும் வருகிறதா? அப்படியானால் கூரைமீது பழி போடாதீர்கள். உள்ளே குளிர்ந்து சேரும் நீர் வெளியேறும் குழாயில் தூசி அடைத்திருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்தால் நின்றுவிடும். இதைச் சாக்காக வைத்து விலை குறைக்கலாம், மனச்சாட்சி இடம் கொடுத்தால்.

கூரையை வெளியிலிருந்தும் பாருங்கள். ஏணி வைத்து ஏறி, கண்ணைக் கூரையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் அலை அலையாகத் தெரியும் இடம் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை, பூசிய இடம். காந்தத்தை வைத்து நகர்த்துங்கள்; பட்டி தடிமனாக உள்ள இடத்தில் நழுவி விழும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தபோது தென்னைகளோடு வண்டிகளும் தப்பவில்லை. அப்போது நசுங்கி நிமிர்த்திய கூரை இன்றும் சில வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒழுங்காக நிமிர்த்தியிருந்தால் குற்றமில்லை. கூரையைத் தாங்கும் தூணின் மடிப்பில் சுருக்கம் இருந்தால் விலகிவிடுங்கள்.

அறிகுறி: அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்பு பெயின்ட்

விற்பதற்காக அடித்தது. தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போகும்போதும் அடிப்பார்கள், அது வழக்கம். ஆகவே பெயின்ட் இருப்பதே குற்றம் ஆகாது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் நீளச் சட்டம் முழுவதும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். ஓசை மந்தமாகும் இடத்தில் நிறுத்தி முனையால் சுரண்டுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பகுதி, கமான் பட்டையின் (சக்கரத்துக்கு மேல் அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அடுக்கு) இரு முனைகளும் சட்டத்தில் பூட்டியிருக்கும் இடம், டீசல் டேங்கின் பட்டைகள் ஆகியவைதான் உப்புக் காற்று முதலில் பிடிக்கும் இடங்கள்.

சேஸ் எண் பொறித்த இடத்தைக் கண்டுபிடித்து, வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுங்கள். துருவில் எண் அழிந்திருந்தால் எஃப்.சி.யிலும் பெயர் மாற்றத்திலும் நீங்கள்தான் அலைவீர்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங் தழும்போ, எழுத்துகளுக்கிடையே கோணல்மாணலோ இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கதவு இடிக்கிறது, இடைவெளி ஒரே மாதிரி இல்லை

கதவின் கீல் தேய்ந்திருந்தால் கதவைத் தூக்கும்போது மேலும் கீழும் அசையும். கீல் சரியாக இருந்தும் இடைவெளி மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் பாடி இறங்கியிருக்கிறது அல்லது எங்கோ மோதியிருக்கிறது. மூலைவிட்டம் அளந்து பார்க்கும் வசதி பட்டறையில் உண்டு. அது இல்லாதபோது, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி இருபதடி பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் கமான் பட்டை உடைந்திருக்கலாம், எளிது. நேராக நின்றும், நேர்ச் சாலையில் ஓடும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் போகாமல் நண்டு நடை நடந்தால் சட்டமே கோணியிருக்கிறது.

அறிகுறி: புகை

இப்போது பானட். மேலே ரேடியேட்டர் குழாயைத் தொடுங்கள். சொல்லி வைத்தும் சூடாக இருந்தால் காலையிலேயே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் பிடிக்கும் சிரமத்தை மறைக்கத்தான் அது. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம்.

குளிர்ந்த என்ஜின் முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை விடுவது இயல்பு. ஐந்து நிமிடம் கழித்தும் நிற்காமல், ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெளுத்த நுரை படிந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். ஓட்டத்தில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. மூடியைத் திறந்து வைத்து என்ஜினை ஓடவிடுங்கள். உள்ளிருந்து புகை விட்டுவிட்டுப் பலமாக அடித்தால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. கறுப்புப் புகைக்கு ஏர் ஃபில்டர் முதல் நாசில் வரை காரணம் இருக்கலாம், பெரும்பாலும் சிறு செலவு.

நம் ஊரில் ஒரு சங்கடம்: எல்லாம் சமதளம். காலி வண்டியைக் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை வரை ஓட்டிப் பார்த்தால் எந்த என்ஜினும் ராஜாவாகத் தெரியும். அது பம்பை மலைப் பாதையிலும் கொடைக்கானல் ஏற்றத்திலும் தெரியும்போது நீங்கள் பயணிகளோடு ஓரமாக நிற்பீர்கள். அதனால் சோதனை ஓட்டத்துக்கு ஆட்களை நிரப்பிக்கொண்டு போங்கள், ஏ.சி.யைப் போடுங்கள், ரயில்வே மேம்பாலம் ஒன்றின் அடியில் வண்டியை முழுதாக நிறுத்தி, அங்கிருந்து இரண்டாவது கியரில் ஏற்றுங்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்கு வல்லம் பக்கத்து மேட்டுச் சாலை இருக்கிறது. இரண்டு மூன்று முறை ஏறி இறங்கியும் வெப்பமானி முள் நகராமல் இருந்தால் நம்பலாம்.

அறிகுறி: ஓடும்போது சத்தம், அதிர்வு, இழுப்பு

கிளம்பும்போது வண்டி ஒரு முறை உதறி, வேகம் கூடியதும் நின்றுவிட்டால் கியர் பெட்டியிலிருந்து பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சென்டர் பேரிங்கைப் பாருங்கள். குறிப்பிட்ட வேகத்தில் பின்னாலிருந்து முனகல் எழுந்து, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சுருதி மாறினால் பின் அச்சிலுள்ள கிரவுன் பற்சக்கரம். வேகம் கூடக் கூடக் கூடும் ஓசை, திருப்பத்தில் ஒரு பக்கம் மட்டும் அதிகமானால் சக்கரப் பேரிங்.

உளுந்தும் வைக்கோலும் சாலையில் பரப்பி, போகிற வண்டிகளையே மிதிக்க விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தக் கொடி சுழலும் ஷாஃப்ட்டிலும் சக்கரத்தின் உள்பக்கத்திலும் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுத்துவிடும். அடியில் படுத்திருக்கும்போதே சக்கரத்தின் உள்புறம் ஆயில் கசிந்து புழுதியோடு கெட்டிப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அங்கே கசிந்த ஆயில் பிரேக் லைனிங்கிலும் ஏறும், அப்போது பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு புகாருக்கும் வேர் ஒன்றுதான்.

ஸ்டீயரிங்கைச் சிறிது திருப்பியும் சக்கரம் அசையாத இடைவெளி அதிகமாக இருந்தால் ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். மேலும் கீழும் பிடித்து உலுக்கும்போது ஆட்டம் இருந்தால் கிங் பின் அல்லது பேரிங், பக்கவாட்டில் ஆட்டம் இருந்தால் ராட் ஜாயின்ட்கள். இவை எல்லாம் கடையில் கிடைக்கும் சாமான்கள். பட்டியல் போட்டு விலையில் கழியுங்கள்.

கிளட்ச் சோதனைக்கு ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் பிளேட் வழுக்குகிறது.

அறிகுறி: டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது

அலைன்மென்ட் என்பார்கள். இருக்கலாம். மேலே சொன்ன கிங் பின்னோ, கோணிய சட்டமோ சரியாக இருந்தால் மட்டும் அதை நம்புங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பொத்தான் (தரையில் படும் மேல்வரி) நன்றாக இருந்தும் ஆறேழு வயது கடந்த டயர் சித்திரை வெயிலில் பாரத்தோடு வெடிக்கும். ஸ்டெப்னியையும் மறக்காமல் பாருங்கள். அதுதான் பெரும்பாலும் வண்டியோடு பிறந்தது.

அறிகுறி: ஒரு விளக்கு எரிந்தால் இன்னொன்று அணைகிறது

எலி. அறுவடை முடிந்த வயலோரம் நிறுத்திய வண்டியில் அவை குடியேறுவது சாதாரணம். கூரைத் துணிக்குள்ளும் ஏ.சி. காற்றுக் குழாய்க்குள்ளும் கூடு கட்டும். ஃபியூஸ் பெட்டியில் கம்பியைச் சுற்றி நேரடியாக இணைத்திருந்தால், எங்கோ ஷார்ட் ஆவதைக் கண்டுபிடிக்காமல் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். தீப்பிடிக்க அது போதும். பாட்டு பெட்டி, வண்ண விளக்கு, கூடுதல் ஸ்பீக்கர் என்று எவ்வளவு அலங்காரம் இருக்கிறதோ அவ்வளவு ஒட்டு வயரிங் இருக்கும்.

அறிகுறி: வண்டி பிடித்துவிட்டது, காகிதம் மட்டும் "அடுத்த வாரம் வரும்"

அட்வான்ஸும் அடுத்த வாரம் என்று சொல்லுங்கள்.

ஆர்.சி.யில் உள்ள இருக்கை எண்ணிக்கையையும் வண்டியில் உள்ள சீட்டுகளையும் எண்ணுங்கள். மேக்ஸி கேப் என்று பதிவான வண்டியில் ஓட்டுநர் தவிர 12 பேர்தான். உள்ளே 17 சீட் இருந்தால், கூடுதல் சீட்டுக்குத் தரையில் எங்கே துளையிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வாடகை வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். வண்டிக்கு வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது. எஃப்.சி. முடிய ஒரு மாதமே இருக்கும் வண்டியை விற்பவர் சும்மா விற்கவில்லை. எஃப்.சி. எடுத்துக் கொடுங்கள், செலவில் பாதி நான் ஏற்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள்.

ஃபைனான்ஸ் பதிவு இருந்தால் கடன் முடிந்ததற்கான தடையின்மைச் சான்றும் (என்.ஓ.சி.) படிவம் 35உம் கையில் வர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பெர்மிட் ஆர்.சி.யோடு தானாக வராது. போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியோடு தனியாக மாற்ற வேண்டும். நவக்கிரகச் சுற்றுலா ஓட்டுகிறவர்கள் இதில் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். திருநள்ளாறு காரைக்கால் பகுதியில், அதாவது புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிறது. சனிப் பெயர்ச்சி கூட்டத்தில் சோதனைச் சாவடியில் நின்று தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமில்லை இது. பெர்மிட் எல்லை கடக்க இடம் கொடுக்கிறதா என்று முன்பே படியுங்கள். பி.ஒய். 02 எண் கொண்ட காரைக்கால் வண்டி விலை மலிவாகத் தெரிந்தால், தமிழ்நாட்டுக்கு மாற்ற என்.ஓ.சி., வரி, புதுப் பதிவு எண் ஆகியவற்றின் செலவைக் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள்.

அபராதச் சலான் பாக்கி, வரி பாக்கி இரண்டையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். விபத்து வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்பது அதில் வராது. விற்பவரிடம் நேராகக் கேட்டு, இல்லை என்று எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸை உரிமை மாறிய 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

வண்டியை ஓட்டிக்கொண்டு கிளம்பும் முன் ஒரு தாளில் தேதி, மணி, நிமிடம், கிலோமீட்டர் அளவு ஆகியவற்றை எழுதி, "இந்நேரம் முதல் வண்டி இன்னாரின் பொறுப்பில்" என்று இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். முந்திய இரவு நாகைச் சாலையில் பதிவான வேகச் சலான் மூன்று வாரம் கழித்து வரும்போது, யார் கட்டுவது என்று அந்தத் தாள் சொல்லிவிடும்.